தேக்கு கட்டுப்படியாகாது, வேறு என்ன மரம்?

குளச்சல் தம்பி: எல்லாரும் ஒரு யோசனை சொல்லுங்கள். அப்பாவின் பழைய மரப்படகில் மேல்தட்டு இற்றுப்போய்க் கிடக்கிறது, நேற்று கால் வைத்ததும் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. 16 அடிக்கு 6 அடி, முழுவதும் புதிதாகப் போட வேண்டும். தேக்கு விலை கேட்டேன், கேட்டதோடு திரும்பி வந்துவிட்டேன்.

துபாய் மச்சான்: காலுக்கு ஒன்றுமில்லையே?

குளச்சல் தம்பி: சிராய்ப்புதான் மச்சான்.

மார்த்தாண்டம் அண்ணன்: இங்கே ரப்பர் மரப் பலகை மலிவு. மருந்து ஏற்றியதுகூடக் கிடைக்கிறது.

பெரிய மாமா: ரப்பரா! நாற்காலிக்குச் சரி. போரான் மருந்து ஏற்றினாலும் நனைய நனைய அது கரைந்து வெளியே வந்துவிடும், அப்புறம் பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்துதான். தேக்கே வேண்டுமென்று யார் சொன்னது? நம் பக்கத்தில் வள்ளத்துக்கு அந்தக் காலத்திலிருந்தே அயினிதானே, கேரளத்தில் ஆஞ்சிலி என்பார்களே, அதுதான். தேக்கைவிட மலிவு, தண்ணீருக்கும் தாங்கும். ஆனால் வைரம், அதாவது உள்பக்கத்துக் கெட்டி மரம் மட்டும் எடு. ஓரத்து வெள்ளையைச் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், எந்த மரமானாலும் வெள்ளை இற்றுத்தான் போகும், தேக்கின் வெள்ளையும் அப்படித்தான்.

குளச்சல் தம்பி: எத்தனை கன அடி வேண்டும் மாமா?

பெரிய மாமா: 16க்கு 6 என்றால் 96 சதுர அடி. ஒன்றேகால் அங்குலத்தில் அறுத்தால் 10 கன அடி, இழைத்த பிறகு ஓர் அங்குலம் நிற்கும். கழிவுக்கு 2 சேர்த்துக்கொள். அகலப் பலகை ஆசைப்படாதே, 4 அங்குலம் போதும், அகலமானது வெயிலில் கிண்ணம் மாதிரி வளையும்.

மார்த்தாண்டம் அண்ணன்: ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போட்டு மேலே ஃபைபர் அடித்தால் வேலை சீக்கிரம் முடியுமே?

பெரிய மாமா: முடியும், தப்பில்லை. வெட்டிய ஓரத்தையும் ஆணி ஓட்டையையும் ரெசினால் அடைக்காவிட்டால் அது வழியாக ஈரம் போய் உள்ளுக்குள்ளேயே அழுகும், வெளியே தெரியாது. எனக்குக் கண்ணுக்குத் தெரிகிற மரம்தான் பிடிக்கும்.

குளச்சல் தம்பி: பழைய தட்டு உப்புத்தண்ணீரால்தானே போனது?

பெரிய மாமா: இல்லை, மழைத்தண்ணீரால். உப்பு அழுகலைத் தடுக்கும், படகைக் கரையேற்றிப் போட்ட மாதங்களில் தேங்கிய மழைதான் தின்றிருக்கிறது. தட்டுக்கு நடுவில் லேசாக மேடு கொடு, தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடட்டும்.

துபாய் மச்சான்: ஆணியையும் சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இரும்பாணி அடித்து, மரம் நன்றாக இருக்க, ஆணியைச் சுற்றி மட்டும் கறுத்து உளுத்துப்போனது. கடலுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிதான்.

திருவட்டாறு அத்தை: இப்போதுதான் பார்க்கிறேன். 2017இல் ஒக்கிப் புயலில் விழுந்த அயினியை அப்போதே அறுத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கியிருக்கிறோமே. ஒன்றரை அங்குலம் கனம். மகளுக்குக் கட்டில் செய்ய வைத்தது, அவள் கடையில் ரெடிமேட் வாங்கிக்கொண்டாள் 🙄

பெரிய மாமா: இத்தனை வருடம் நிழலில் காய்ந்த அயினியா! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நீளம் எவ்வளவு?

திருவட்டாறு அத்தை: கட்டிலுக்கு அறுத்ததாயிற்றே, 7 அடிதான்.

குளச்சல் தம்பி: 16 அடிக்கு எட்டாதே 😔

பெரிய மாமா: ஒரே பலகையாக இருக்கத் தேவையில்லை மக்களே. உன் குறுக்குக்கட்டை இரண்டடிக்கு ஒன்றுதானே? 7ஐ 6ஆக வெட்டினால் இரண்டு முனையும் கட்டை மேலேயே உட்காரும். இணைப்பு எல்லாம் ஒரே வரிசையில் வராமல் செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றிப் போடு. சனிக்கிழமை நானும் வருகிறேன், உளியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்து எடுப்போம்.

திருவட்டாறு அத்தை: வாருங்கள். கீழே இரண்டு பலகையில் கரையான் ஏறியிருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.