‘ஷீல்’ என்ற பழைய ஆங்கில வினைக்குத் தமிழில் எது பொருந்தும்?

கேள்வி:
ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில், முதல் அங்கம் நான்காம் காட்சியில், விதூஷகன் மன்னரைச் சுட்டிக்காட்டி ‘ஷீல்ட் பீஸ்காட்’ என்கிறான். பீஸ்காட் என்பது பட்டாணிக்காய். ‘ஷீல்’ என்ற வினை என்னிடமுள்ள அகராதியில் இல்லை. ‘உரித்த பட்டாணி’ என்று மொழிபெயர்க்கலாமா?

பதில் 1:
காயின் தோலைப் பிளந்து மணியை எடுப்பதே ‘ஷீல்’. இன்று அந்த இடத்தில் ‘ஷெல்’ என்ற வினை வழங்குகிறது. இரண்டுமே தோடு, உமி ஆகியவற்றைக் குறித்த பழஞ்சொற்களின் வழிவந்தவை. ‘ஐந்தாம் ஹென்றி’யில், 1415இல் நடந்த அஜின்கோர்ட் போருக்குச் சற்று முன், தங்கள் படையின் பொலிவே ஆங்கிலேயரின் உயிரை உறிஞ்சி வெறும் ‘ஷேல்’களாக விட்டுவிடும் என்று பிரெஞ்சுப் படைத்தலைவன் பேசுவதும் இந்தக் குடும்பத்துச் சொல்லைக் கொண்டுதான்.

ஆனால் ‘உரித்த பட்டாணி’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும். கடையில் அப்படிக் கேட்டால் மணியைத்தான் நிறுத்துத் தருவார்கள். விதூஷகன் சொல்வதோ, மணியெல்லாம் கிண்ணத்தில் விழுந்த பின் முறத்தில் ஒதுக்கிய தோலை. நாட்டை இரு மகள்களுக்குப் பங்கிட்டுவிட்டு மன்னர் என்ற பெயரை மட்டும் வைத்திருக்கும் லியரை, முன்னால் இலக்கமில்லாத சுழியம் என்றும் அவன் அதே மூச்சில் ஏசுகிறான்.

பதில் 2:
‘பதர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே?

பதில் 1 எழுதியவர்:
ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பதர் என்பது மணி பிடிக்காமலே போன நெல். லியர் மணி நிறைந்திருந்தவர். தம் கையாலேயே உதிர்த்துக் கொடுத்தவர். அந்த வேறுபாடு போய்விட்டால் கேலியின் கூர்மையும் போய்விடும் என்பது என் எண்ணம்.

கேட்டவர்:
நன்றி, ‘மணி எடுத்த பட்டாணித் தோல்’ என்று எழுதிக்கொண்டேன். ஒரு துணைக் கேள்வி: செய்திகளில் வரும் ‘ஷெல் தாக்குதல்’ என்பதிலுள்ள ஷெல்லும் இதுதானா?

பதில் 2 எழுதியவர்:
அதே சொல்தான். உள்ளே வெடிமருந்து திணித்த பொள்ளலான குண்டுக்கு, வெளிக்கூட்டை வைத்து 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் அமைந்தது. அந்தக் குண்டுகளை வீசித் தாக்குவதை ‘ஷெல்’ என்று வினையாகச் சொல்வது அதற்கும் வெகுகாலம் பின்னால், 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆக, அடுக்களையில் கூட்டைக் கழற்றுவதற்கும் போர்க்களத்தில் கூட்டை நிரப்பி எறிவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை.