நெடுந்தீவில் ஒரு வாரம்: புதுப்பிப்பு

இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவான நெடுந்தீவிலுள்ள நண்பர் குடும்பத்துடன் ஒரு வாரம் தங்கலாமா, ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவதே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "இரண்டு நாளில் அலுத்துவிடும்" என்றே பலர் எழுதினீர்கள். எனக்கு அலுக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் சென்றேன். காற்று கடுமையாக இருந்ததால், வயிற்றைக் காலியாக வைத்திருக்கச் சொன்னவருக்குத் தனியாக நன்றி கூற வேண்டும்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையின் இடிபாடு, புறா வளர்க்கக் கட்டிய பழைய புறாக்கூடு, உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்குமரம் (பாவோபாப்) ஆகியவற்றை முதல் நாளிலேயே பார்த்து முடித்துவிட்டோம். எஞ்சிய நாள்களில் என்னை ஈர்த்தவை வேலிகளே. சாந்து எதுவுமின்றிப் பவளக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய அந்த மதில்களில் ஒன்று சரிந்திருந்தபோது, நண்பரின் தந்தையார் ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருந்தும் முகத்தைக் கண்டறிந்து அடுக்கியதை ஒரு காலைப்பொழுது முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வைத்த மூன்று கற்களையும் அவர் சிரித்தபடியே எடுத்துவிட்டார்.

ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை தெற்குப் புல்வெளியில் இன்றும் கட்டின்றித் திரிகின்றன. வறட்சிக் காலத்தில் அவை தண்ணீருக்குத் தவிப்பதைப் பற்றி நண்பர் வருத்தத்துடன் பேசினார்.

குடிநீர் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: பல கிணறுகளில் நீர் உவர்ப்பாகவே இருக்கிறது, நல்ல தண்ணீரை வீட்டார் அளந்தே செலவிடுகின்றனர். ஆகவே விருந்தினராகச் செல்பவர் குளியலைச் சுருக்கிக்கொள்வது நல்லது. திரும்பும் நாளில் காற்றினால் படகு ஓடாததால், மேலும் ஓர் இரவு தங்கி பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் குடித்தேன்.