பீரோ சாவி எங்கே?

கௌதம் (9.10): பீரோ சாவியை யார் எடுத்தீர்கள்? பாட்டியின் ஆதார் அட்டை உள்ளே இருக்கிறது. பத்து மணிக்குள் பேங்குக்குப் போகணும்.

நளினி அண்ணி (9.12): நேற்றே போட்டேனே தம்பி, "திறப்பு அரிசி வாளிக்குள்" என்று.

கௌதம் (9.12): அது சாவியா! ஏதோ ரேஷன் கடைத் திறப்பு விழா, அரிசி தருகிறார்கள் என்று நினைத்துப் பையெல்லாம் எடுத்து வைத்தேன் அண்ணி.

நளினி அண்ணி (9.13): யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவிதான்.

பெரியப்பா (9.16): நளினி சொல்வதுதான் நம் சொல். சாவி, போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. லிஸ்பனில் இன்று அதை 'ஷாவ்' என்கிறார்கள். அவர்கள் இங்கே வந்து இறங்கிய 16ஆம் நூற்றாண்டில் முதல் எழுத்து 'ச்ச' என்று அழுத்தமாக ஒலித்தது. இந்திக்காரர் 'ச்சாபி' என்கிறாரே, அதில் அந்தப் பழைய ஒலி அப்படியே இருக்கிறது. மூலம் லத்தீன் 'கிளாவிஸ்'. இத்தாலியில் கியாவே, பிரான்சில் கிளே.

சித்தி (9.18): கிளாவிக்கிள் என்று காறை எலும்பைச் சொல்வோம். வாரம் ஒரு பையனாவது பைக்கிலிருந்து விழுந்து அதை உடைத்துக்கொண்டு எங்கள் வார்டுக்கு வருவான். அதுவும் இதுதானா?

பெரியப்பா (9.19): அதேதான். 'குட்டிச் சாவி' என்று பொருள்.

யாழினி (9.20): தாத்தா, கீபோர்டு நோட்ஸில் முதலில் சுருளாக ஒன்று போடுவோமே, ட்ரெபிள் கிளெஃப்?

பெரியப்பா (9.23): அதுவும்தான் கண்ணு. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவ்கூட 'சாவியோடு' என்பதுதான். 1268இல் விட்டெர்போ ஊரில் கார்டினல்கள் கூடினார்கள், முடிவே வரவில்லை. ஊர்க்காரர்கள் உள்ளே வைத்துப் பூட்டி, சாப்பாட்டைக் குறைத்து, கூரையையும் பிரித்தார்கள். அப்படியும் 1271 வரை இழுத்தது.

சித்தப்பா (9.24): நம் பாகப்பிரிவினையையும் அப்படிப் பூட்டிவைத்துப் பேசியிருக்கலாம்.

சித்தி (9.24): அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

நளினி அண்ணி (9.28): மாமா, எனக்கு ஒன்று விளங்கவில்லை. 1619இலிருந்து 1658 வரை போர்த்துக்கேயர் ஆண்டது எங்களைத்தானே? கதிரை (உங்கள் நாற்காலி), சப்பாத்து (ஷூ), லேஞ்சி (கைக்குட்டை), பாண் (ரொட்டி) எல்லாம் அவர்கள் தந்த சொற்கள்தான். திறப்பு மட்டும் எப்படித் தப்பியது?

பெரியப்பா (9.32): எனக்கும் அதுதான் வேடிக்கையாக இருக்கிறது அம்மா. இந்தப் பக்கம் அவர்கள் நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கரையோரத்தோடு சரி. உங்களைப் போல நாங்கள் அவர்கள் ஆட்சியில் இருக்கவில்லை. ஆனாலும் நாங்கள் நாற்காலியைக் காப்பாற்றித் திறவுகோலைத் தொலைத்தோம். நீங்கள் நாற்காலியைக் கொடுத்துத் திறப்பை வைத்துக்கொண்டீர்கள். மலையாளத்தார் இன்னும் 'தாக்கோல்' என்கிறார்கள், தாழைத் திறக்கும் கோல். கன்னடத்தில் 'பீகத கை', பூட்டுக்குக் கை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

சித்தப்பா (9.35): அண்ணே, வயலில் நெல் சாவியாய்ப் போச்சு என்கிறோமே, அதுவும் கப்பலில் வந்ததா? கதிர் நிமிர்ந்து நிற்கும், கசக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

பெரியப்பா (9.37): இல்லையப்பா, அது 'சா' என்பதிலிருந்து வந்தது. செத்த பயிர். எழுத்து ஒன்றாக இருப்பதால் உறவாகிவிடுமா?

கௌதம் (9.41): வாளி அரிசி முழுவதையும் முறத்தில் கொட்டிவிட்டேன். சாவியும் இல்லை, திறப்பும் இல்லை.

நளினி அண்ணி (9.42): நான் என் கையால்தானே வைத்தேன்!

பாட்டியின் குரல் பதிவு, யாழினி தட்டச்சு செய்தது (9.46): அரிசியை ஏன்டா கொட்டினாய்? வண்டு பிடித்திருக்கிறதென்று நேற்று ராத்திரியே புடைத்து வைத்தேன். சாவியை அப்போதே எடுத்து முந்தானையில் முடிந்துவிட்டேன். இவ்வளவு நேரம் என்ன பேச்சு, என்னிடம் ஒருத்தராவது கேட்டீர்களா?