கிராதி ஏறிக் குதிக்கும் குழந்தை: கட்டிலை எப்போது நிறுத்துவது?

ஒன்றரை வயதுக்கும் இரண்டரைக்கும் நடுவில் ஏதோ ஒரு நாள் குழந்தை தன் கட்டிலைச் சுற்றியிருக்கும் தடுப்பின், அதாவது கிராதியின், மேல் காலைத் தூக்கிப் போடும். உடனே இஞ்ச் டேப்பை எடுங்கள். குழந்தையைக் கட்டிலுக்குள் நிற்க வைத்துப் பாருங்கள். கிராதியின் உச்சி குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்குக்கும், அதாவது மார்புக்காம்பு மட்டத்துக்கும், கீழே இருந்தால் கட்டிலை நிறுத்திவிட வேண்டியதுதான். குழந்தை 35 அங்குலம் (89 செ.மீ.) வளர்ந்துவிட்டாலும் அப்படியே.

அந்த அளவு இன்னும் வரவில்லை என்றால் மெத்தைப் பலகை ஆகக் கீழே உள்ள துளையில் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க விதிப்படி அந்த நிலையில் பலகையிலிருந்து கிராதி உச்சி வரை குறைந்தது 26 அங்குலம் இருக்கணும். 6 அங்குல மெத்தை போட்டால் மிஞ்சுவது 20தான். அதன்மேல் இன்னொரு இலவம்பஞ்சு மெத்தையை அடுக்குவது ஏணி வைத்துக் கொடுப்பது மாதிரி. பலகையைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குள்ளேயே மெத்தையைத் தரையில் போடாதீங்க. சட்டத்துக்குக் கீழே இருக்கும் சந்தில் கைகாலோ தலையோ மாட்டிக்கொள்ளும்.

*

குழந்தை ஏறும் விதத்தைக் கவனியுங்க. முதலில் இரண்டு அக்குளையும் கிராதிமேல் மாட்டும், அப்புறம் ஒரு குதிகாலைத் தூக்கி வைக்கும். நெஞ்சு கிராதியைத் தாண்டியதும் தலைப்பாரம் இழுத்து, தலைகுப்புற விழும். அந்தக் குதிகாலுக்கு எட்டிப்பிடிக்க உதவுவது தலையணை, பெரிய பொம்மை, ஓரத்தில் கட்டுற பஞ்சுத் தடுப்பு (பம்பர்). மூன்றையும் எடுத்துடுங்க. ஒரு பக்கம் உயரமான கட்டில் என்றால் அந்தப் பக்கம் அறையைப் பார்க்கட்டும், தாழ்ந்த பக்கம் சுவரோடு சந்து இல்லாமல் ஒட்டட்டும். உடம்பையும் காலையும் பை மாதிரி மூடுகிற, கையில்லாத ராத்திரி உடுப்பு (தூக்கப்பை) போட்டால் காலை அகட்ட முடியாது. அதோடயே ஏறினால் பையை நிறுத்திடணும், தடுக்கி விழும். கட்டிலுக்கு மேல் வலை கட்டி மூடவே கூடாது, கழுத்து சிக்கும்.

இதெல்லாம் சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

*

கட்டிலை விட்ட பிறகு அறையே கட்டில். தரையில் மெத்தை போதும், ஆனால் அதற்கு முன்னால் முட்டி போட்டுக் குழந்தை உயரத்தில் அறையைச் சுற்றி வாருங்கள். பீரோ, டிராயர் மேஜை இரண்டையும் எல்-கிளாம்ப் வைத்துச் சுவரில் திருகுங்கள். டிராயர்களை இழுத்துப் படியாக்கிக்கொண்டு ஏறும்போது மொத்தமும் குழந்தைமேல் சாயும். ஜன்னலோரம் நாற்காலி வேண்டாம். கொசு லிக்விட் மெஷின் தாழ்வான பிளக்கில் இருக்கக் கூடாது.

நம் வீடுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது பாத்ரூம் வாளி. குழந்தை மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். குனிந்து எட்டிப்பார்க்கிற குழந்தை தலைகீழாக விழுந்தால் தன்னால் எழ முடியாது, சத்தமும் வராது. ராத்திரி வாளியைக் காலி செய்து கவிழ்த்துவையுங்கள், கதவின் மேல்பக்கம் தாழ்ப்பாள் அடியுங்கள். அறைக் கதவை வெளியே பூட்டுவதற்குப் பதில் கேட் போடுங்கள். மாடிப்படி உச்சியில் என்றால் சுவரில் திருகுகிற கேட்தான். அழுத்தி நிற்கிற வகை தள்ளினால் பெயர்ந்து வரும்.

*

எழுந்து வந்தால் "தூங்குற நேரம், செல்லம்" என்று ஒரே தடவை. அடுத்த முறையிலிருந்து பேச்சே இல்லாமல் தூக்கிப்போய்ப் படுக்க வைக்கணும். லைட் வேண்டாம், செல்போன் வேண்டாம், பால் வேண்டாம். முதல் ராத்திரி இருபது தடவைகூட ஆகலாம். பத்தொன்பதாவது தடவை பாட்டி மடியில் போட்டுக்கொண்டால், பத்தொன்பது தடவை வந்தால் மடி கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அதனால் வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே பேசி வையுங்க.

ஏற்கெனவே விழுந்திருந்தால்: இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை 3 அடிக்கு மேலிருந்து தலை அடிபட விழுந்தால் நன்றாக விளையாடினாலும் டாக்டரிடம் காட்டுங்க. மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் என்றால் எந்த வயதானாலும் உடனே எமர்ஜென்சிக்குக் கிளம்பணும்.