செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் காணொளியைச் சரிபார்ப்பது: நிழலும் வரைபடமும் இன்னும் கைகொடுக்குமா?

கேள்வி: வைகைக்கரையான்

வணக்கம். நான் ஒரு சிறுநகரிலிருந்து வெளிவரும் மாத இதழில் செய்தியாளராகப் பணிபுரிகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, எங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்துவிட்டதாக ஒரு காணொளி வாட்சப் குழுக்களில் பரவியது. அதைப் பார்த்த தாழ்வான தெருக்காரர்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.

செயற்கை நுண்ணறிவால் உருவானதா என்று கண்டறிந்து சொல்வதாகக் கூறும் மூன்று இணையதளங்களில் அந்தக் காணொளியை ஏற்றிப் பார்த்தேன். ஒன்று போலி என்றது, இன்னொன்று உண்மை என்றது, மூன்றாவது முடிவு சொல்ல இயலவில்லை என்றது. பிறகு ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டேன். அது வேறு மாநிலத்து அணை ஒன்றின் பெயரைத் தயக்கமே இல்லாமல் சொன்னது. மறுபடி கேட்டபோது அதே உறுதியோடு வேறோர் அணையைச் சொன்னது. விடிந்தபின் கரையோரம் குடியிருக்கும் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, கரை பத்திரமாக இருக்கிறது என்று தொலைபேசியில் தெரிவித்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

மலேசிய விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரைன் வானில் 2014 ஜூலை 17 அன்று 298 பேரோடு சுட்டு வீழ்த்தப்பட்டதையும், அதற்குப் பயன்பட்ட பக் ஏவுகணை வண்டி வந்த வழியை, சாலையோரத்தில் யார் யாரோ எடுத்த படங்களைக் கொண்டே பெல்லிங்கேட் குழுவினர் பின்தொடர்ந்ததையும் படித்ததிலிருந்து, எவரும் பார்க்கக்கூடிய படங்களையும் தகவல்களையும் கொண்டு உண்மையைக் கண்டறியும் திறந்தமூலப் புலனாய்வை நானாகவே கற்று வருகிறேன். நிழலை அளப்பது, பழைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடுவது, படத்தை வைத்து இணையத்தில் தேடுவது ஆகியவை ஓரளவு கைவந்திருக்கின்றன. எந்தக் காட்சியையும் இயந்திரமே உருவாக்கித் தந்துவிடும் இன்றைய நிலையில் இவை இனியும் பயன்படுமா, அல்லது புதிதாக வேறெதையாவது நான் கற்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: அளவுகோல்

நண்பருக்கு வணக்கம். “இது செயற்கை நுண்ணறிவால் ஆனதா?” என்ற கேள்வியை முதலில் கேட்டதே அந்த இரவில் உங்களை அலைக்கழித்தது என்று நினைக்கிறேன். வாட்சப்பில் பலமுறை கைமாறி, ஒவ்வொரு முறையும் சுருக்கப்பட்டு, தரம் தேய்ந்து வந்து சேரும் காணொளியில் அந்தக் கண்டறியும் தளங்கள் தேடும் நுண்ணிய தடயங்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். முதலில் கேட்க வேண்டியவை வேறு: இது எந்த இடம், எந்தக் காலம், முதலில் வெளியிட்டவர் யார்? இந்த மூன்றுக்கும் விடை தேடப் புகுந்தால், போலியான காட்சி பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிடும். உங்கள் காணொளி கணினியில் பிறந்ததோ, பத்தாண்டுக்கு முன் வேறெங்கோ எடுத்ததோ, எதுவாக இருந்தாலும் அது உங்கள் ஏரி அல்ல என்பதுதான் அன்றிரவு அந்தத் தெருக்களில் இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கேமரூன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இராணுவ உடை அணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் நடத்திச் சென்று சுட்டுக் கொல்லும் காணொளி 2018 ஜூலையில் பரவியபோது, அது போலிச் செய்தி என்று அந்நாட்டு அரசு மறுத்தது. பிபிசியின் புலனாய்வுப் பிரிவான ‘ஆப்பிரிக்கா ஐ’ குழுவினர் பின்னணியில் தெரிந்த மலைத்தொடரின் விளிம்பை நிலப்பரப்புப் படங்களோடு பொருத்தி, இடம் நாட்டின் வடகோடியில் உள்ள செலெவெட் ஊருக்கு அருகே என்று நிறுவினர். கட்டடங்களைப் பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, நிகழ்வு 2014 நவம்பருக்கும் 2016 பிப்ரவரிக்கும் இடைப்பட்டது என்று வரையறுத்தனர். வறண்ட மாதங்களில் மட்டுமே தென்படும் ஒற்றையடிப் பாதை அந்த இடைவெளியை மேலும் குறுக்கியது. இறுதியாக, நடந்து செல்லும் படைவீரர்களின் நிழலைக் கொண்டு சூரியனின் உயரத்தையும் திசையையும் கணக்கிட்டு, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடைப்பட்ட காலம் என்ற முடிவுக்கு வந்தனர். பின்னர் படைவீரர்கள் கைதாகி, 2020இல் நீதிமன்றம் தண்டனையும் வழங்கியது. அந்த ஊரின் அருகே தேடிப் பாருங்கள் என்ற துப்பு அந்நாட்டு மனிதர் ஒருவரிடமிருந்தே வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கரையோரத்தவர் ஒருவர் நேரில் பார்த்து உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னாரே, அதுவும் இந்தத் துறையின் முறைதான்.

நிழலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுப் பாடங்களைப் படித்துவிட்டு நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. ஐரோப்பாவில் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கு நோக்கியே விழும், நமக்கு அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அவ்விரு நாட்களுக்கும் இடையில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. ஆகவே வடக்கு என்று நினைத்துத் தெற்கைக் குறித்துக்கொண்டால் முழுக் கணக்கும் தலைகீழாகிவிடும். முறையாகச் செய்பவருக்கோ, நிழல் விழும் பக்கமே பருவத்தைச் சொல்லிவிடும். சூரியனின் ஒரே நிலை பொதுவாக ஆண்டில் இரண்டு காலங்களில் அமையும் என்பதால், எது சரியானது என்று தீர்மானிக்கப் பயிரையும் மழையையும் மரங்களின் இலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பதில் 2: ஆவணக்காவலர்

முன்னவர் சொன்னதோடு எனக்கு உடன்பாடே. ஆனால் என்னை அதிகம் அச்சுறுத்துவது போலியை உண்மை என்று நம்புவதைவிட, உண்மையைப் போலி என்று ஒதுக்கித் தள்ளுவதுதான். இயந்திரம் எதையும் உருவாக்கும் என்பது ஊரறிந்த செய்தி ஆகிவிட்டால், குற்றம் செய்தவர் “அது செயற்கை நுண்ணறிவு” என்ற ஒரே சொல்லில் தப்பிவிடலாம்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிதன்று. கைகள் கட்டப்பட்ட நிலையில் ஆட்களைச் சுட்டுக் கொல்லும் காணொளியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, அது போலி என்று இலங்கை அரசு தன் தரப்பு வல்லுநர்களைக் கொண்டு அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் நோய்க்குறியியல், காணொளிப் பகுப்பாய்வு, துப்பாக்கித் தடயங்கள் ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் சார்பற்ற வல்லுநர்களை அமர்த்தி ஆராயச் செய்து, காணொளி உண்மையானது என்பதையே ஆய்வு வலுவாகக் காட்டுகிறது என்று 2010 ஜனவரியில் வெளியிட்டார். அந்த வெளியீட்டில் என் மனத்தில் நிற்பது வேறொன்று. போர் மே மாதமே முடிந்திருக்க, கோப்பில் 2009 ஜூலை 17 என்ற தேதி பதிவாகியிருந்தது. காணொளியின் இறுதியில் தொடர்பற்ற 17 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) இருந்தன. சுடப்பட்டவர்கள் சிலரின் அசைவும் விளங்கவில்லை. இவற்றுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். இப்படி எழுதுவது எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று சிலர் எண்ணுவார்கள். என் அனுபவத்தில், ஐயம் எங்கே எஞ்சியிருக்கிறது என்பதைத் தானே சொல்லிவிடும் ஆய்வறிக்கைதான் குறுக்கு விசாரணையில் நிலைத்து நிற்கிறது.

எனவே நீங்கள் அடுத்துக் கற்க வேண்டியது பாதுகாக்கும் முறை. காணொளி கிடைத்தவுடன் வந்த வடிவத்திலேயே ஒரு பிரதியைத் தொடாமல் எடுத்து வையுங்கள். அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீட்டை, கணக்கிட்டு, யாரிடமிருந்து, எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் பெற்றீர்கள் என்பதோடு எழுதிவையுங்கள். எடுத்தவரையே கண்டுபிடிக்க முடிந்தால், வாட்சப்பில் வழக்கமான முறையில் அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் கோப்பு சுருங்காமலும் எடுத்த நேரம், கருவி போன்றவற்றைக் கோப்புக்குள் பதிந்து வைக்கும் எக்ஸிஃப் முதலிய உள்விவரங்கள் உதிராமலும் வந்து சேரும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றோடு தாக்கல் செய்யும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. உங்கள் இதழுக்கு நீதிமன்றம் தொலைவாகத் தோன்றலாம். ஆனால் சமூக ஊடகத்தில் கிடந்த காணொளிகளை ஆதாரமாகக் கொண்டே 2017 ஆகஸ்டில் லிபியாவின் மஹ்மூத் அல்வெர்ஃபல்லி மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அதே ஆண்டில்தான் யூடியூபின் தானியங்கி வடிகட்டிகள் சிரியப் போர்க் காணொளிகளை ஏராளமாக நீக்கின. அவற்றை முன்கூட்டியே சேமித்து வைத்தவர்கள் இல்லாதிருந்தால், பலருடைய துயரத்துக்குச் சான்றே எஞ்சியிருக்காது.

பதில் 3: தொ. மேகலா

இருவரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முதல் பதிலோடு சிறிது முரண்படவும் வேண்டியிருக்கிறது. இடம் பொருந்திவிட்டால் காட்சி உண்மை என்று இனி சொல்ல முடியாது. உண்மையான தெருவின் படத்தை எடுத்து அதில் தீயையோ வெள்ளத்தையோ கூட்டத்தையோ சேர்ப்பது இன்று சில நிமிட வேலை. மலையும் கட்டடமும் சரியாகப் பொருந்தும். நிகழ்வு மட்டும் நடந்திராது. ஆகவே அதே இடத்தை, அதே நேரத்தில், வேறொருவர் வேறு கோணத்தில் எடுத்த காட்சி இருக்கிறதா என்று தேடுவது முன்பைவிட முக்கியமாகிவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிப்பு என்று 2023 மே 22 அன்று பரவிய படம் அமெரிக்கப் பங்குச்சந்தையையே சிறிது நேரம் ஆட்டியது. அவ்வளவு நடமாட்டமுள்ள இடத்தில் வெடித்திருந்தால் வேறு எவருமே படம் எடுக்காமல் இருந்திருப்பார்களா என்று கேட்டிருந்தாலே ஐயம் எழுந்திருக்கும்.

உரையாடல் செயலிகளைப் பொறுத்தவரை உங்களுக்கு நேர்ந்தது தனிப்பட்ட விபத்து அன்று. காசாவில் பசியால் மெலிந்த ஒரு சிறுமியை ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் ஒளிப்படக்காரர் 2025 ஆகஸ்டில் எடுத்த படத்தை, அது 2018இல் ஏமனில் எடுத்தது என்று எக்ஸ் தளத்தின் உரையாடல் செயலியான கிராக் (Grok) அடித்துச் சொன்னது. அதை நம்பியவர்கள் அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களையே பொய்யர் என்றார்கள். ஆவணக்காவலர் அஞ்சும் நிலை இதுதான். இங்கே அதற்கு வழிசெய்தது சரிபார்க்கும் கருவியாக எண்ணப்பட்ட செயலியே.

ஆனாலும் நான் இந்தக் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்துகிறேன். மணிக்கணக்கில் ஓடும் ஒலிப்பதிவை எழுத்தாக்கவும், அறியாத மொழிப் பெயர்ப்பலகையைப் படிக்கவும், நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து நீர்நிலை உள்ளவற்றைப் பிரித்தெடுக்கவும் அவை உதவுகின்றன. வட்டார வழக்கில் பேசுபவர்களின் பேச்சை எழுத்தாக்கும்போது பிழை மலிகிறது என்பதால், மேற்கோள் காட்டும் வரியை என் காதால் கேட்காமல் எழுதுவதில்லை. இது எந்த ஊர் என்று இயந்திரம் சொன்னால், எங்கே தேடலாம் என்ற யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு வரைபடத்தில் நானே தேடுகிறேன். காயம்பட்டவர்களின் முகமோ, தகவல் தந்தவரை அடையாளம் காட்டும் எதுவுமோ உள்ள படத்தை எந்தச் செயலியிலும் ஏற்றுவதில்லை.

உங்கள் ஏரிக்குத் தனியாக ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும். அப்போது சென்டினல்-1 படங்களைப் பாருங்கள். அது ரேடார் என்பதால் மேகத்தையும் இரவையும் ஊடுருவும். அலையற்ற நீர்ப்பரப்பு கருமையாகத் தெரியும். கரை உடைந்திருந்தால், அடுத்த முறை அது கடக்கும்போது ஏரிக்குக் கீழுள்ள வயல்கள் கருத்திருக்கும். அன்றிரவே விடை தராது என்பது உண்மை, அன்றிரவுக்குத் தொலைபேசிதான்.

வைகைக்கரையான் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி காணொளியை மறுபடி நிதானமாகப் பார்த்தேன். எங்கள் ஏரிக்கரை நெடுகப் பனைமரங்கள். காணொளியில் ஒரு பனைகூட இல்லை. மதகின் அமைப்பும் வேறு. எங்களுடையது கருங்கல் தூண்களுக்கு இடையில் ஒற்றைக் கதவு கொண்டது, அதில் இருப்பதோ திருகு வைத்த இரண்டு இரும்புக் கதவுகள். நாற்பது நொடியில் மூன்றாம் நொடியிலேயே அது தெரிகிறது. சிறுவயதில் அந்த மதகின்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டவன் நான். அன்றிரவு நான் இணையதளங்களைப் பார்த்த அளவுக்குக் காணொளியைப் பார்க்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் உள்ள ஏரிகளின் கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றை நான்கு திசையிலிருந்தும் படம்பிடித்து, தேதியோடும் இருப்பிடத்தோடும் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வோர் ஏரிக்கும் கரையோரத்தில் குடியிருக்கும் இருவரின் தொலைபேசி எண்ணையும், அவர்கள் ஒப்புதலோடு, தனியாகக் குறித்து வைக்கிறேன். இதுவரை ஒன்பது ஏரிகள் முடிந்திருக்கின்றன. மழை தொடங்குவதற்குள் மீதியையும் முடித்துவிட வேண்டும். மேகலா அம்மாவிடம் ஒரு கேள்வி: சென்டினல்-1 படத்தில் நீர் நிறுத்திய நெல்வயலும் வெள்ளம் சூழ்ந்த வயலும் ஒன்றுபோலவே கருத்துத் தெரிகின்றனவே, அவற்றைப் பிரித்தறிவது எப்படி?

பதில் 4: தொ. மேகலா

ஒரே படத்தைப் பார்த்தால் பிரிக்க இயலாது. முந்தைய சுற்றில் எடுத்த படத்தையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். நடவுக்காக நீர் நிறுத்திய வயல்கள் பல வாரங்களில் திட்டுத்திட்டாகக் கருத்து, பயிர் வளர வளர மெல்ல வெளுக்கும். வெள்ளமோ வரப்பு, பாதை எதையும் மதிக்காமல் ஒரே சுற்றில் பரவியிருக்கும். இரண்டு படங்களும் செயற்கைக்கோளின் ஒரே பாதையிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். பாதை மாறினால் பார்வைக் கோணம் மாறி ஒப்பீடு தவறிப்போகும்.