கட்டர் துப்புரவுக்கு என்ன மெஷின் வாங்கினீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹரோவில் இருந்து

எல்லோருக்கும் வணக்கம். இங்கே லண்டனில் யன்னல் கழுவுகிற வேலையைச் சொந்தமாகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. முன்பு சூப்பர்மார்க்கட்டில் இரவு வேலை. இப்போது நோர்த் ஹரோ, ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஏறக்குறைய 60 வீடுகள் நிரந்தரமாக இருக்கின்றன. வான் வண்டியில் 350 லீட்டர் தண்ணீர்த் தாங்கி, வடிகட்டிய தண்ணீர், நிலத்தில் நின்றபடியே போலால், அதாவது நீண்ட தடியால், கழுவுவது, அதெல்லாம் கைக்கு வந்துவிட்டது.

ஒக்டோபர் பிறந்ததில் இருந்து வாடிக்கையாளர்கள் கேட்பது ஒன்றுதான்: "கட்டரும் துப்புரவாக்குவீர்களா?" கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், ஊரில் பீலி என்போமே, அதுதான். முதல் இரண்டு வீட்டை ஏணியும் வாளியும் வைத்துச் செய்து முடித்தேன். மூன்றாவது வீட்டில் நின்றுவிட்டேன். 1930களில் கட்டிய செமி, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கிற வீடு. முன்பக்கம் பிரச்சினை இல்லை. பின்பக்கத்தில் சுவர் முழுக்கக் கொன்சவேட்டரி, அதாவது வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறை, அதற்கு மேலே கட்டர். ஏணியை எங்கே வைப்பது? அந்த அம்மா எழுபது வயதுக்கு மேல், தனியாக இருக்கிறார், கட்டரில் புல் முளைத்து நிற்பது கீழே இருந்தே தெரிகிறது. "என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தது இன்னும் மனதில் கிடக்கிறது.

இப்போது கட்டர் வக்கியூம், அதாவது நீண்ட குழாய்ப் போலால் கட்டர்ச் சேற்றை உறிஞ்சி எடுக்கிற மெஷின், பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கடையில் மூன்று மோட்டார், 40 அடிப் போல், கமரா எல்லாம் சேர்த்த செட் ஒன்றைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். கையில் இருக்கிற காசு முழுதும் அதற்கே போய்விடும். நீங்கள் எதை வாங்கினீர்கள், எது சரிவந்தது, எது பிழைத்தது என்று உள்ளபடி சொல்லுங்கள்.


குரொய்டனில் இருந்து

தம்பி, அவசரப்படாதே. மோட்டார் எத்தனை என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் அதை எந்தப் பிளக்கில் குத்தப்போகிறாய் என்று யோசி.

நான் 2017இல் வாங்கியது மூன்று மோட்டார், 3600 வாட்ஸ். இங்கே வீட்டுப் பிளக்கில் இருப்பது 13 அம்பியர் பியூஸ். 230 வோல்ட்டால் பெருக்கிப் பார், மூவாயிரம் வாட்ஸ் கூட முழுதாக வராது. அதனால்தான் அந்த மெஷினுக்கு இரண்டு வயர் கொடுத்திருந்தார்கள், இரண்டையும் வெவ்வேறு இடத்தில் குத்தவேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், முதல் வேலையிலேயே இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் ரீலில் குத்தினேன், ரீலையும் முழுதாக அவிழ்க்கவில்லை. பத்து நிமிடம் ஓடியிருக்கும், நின்றுவிட்டது. பிளக்கைத் தொட்டால் கை சுட்டது, பிளாஸ்டிக் எரிகிற மணம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாமான்களைத் திரும்ப வானில் ஏற்றினேன். ரீலைச் சுற்றியபடி வைத்துப் பாவித்தால் உள்ளே வயர் சூடேறி உருகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன்: கடைசிச் சுற்று வரை அவிழ், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிடி இல்லாமல் வெளியே எதையும் குத்தாதே.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டு மோட்டார், 2400 வாட்ஸ். ஒரே பிளக்கில் ஓடும். இரண்டு மாடி வீட்டுக்குத் தாராளமாகப் போதும். ஏன் போதும் என்றும் சொல்கிறேன். சேறு கீழிருந்து மேலே போவதில்லை, மேலிருந்துதான் கீழே வருகிறது. மெஷின் தூக்கவேண்டியது, போலின் நுனியில் இருக்கிற கொக்கி வளைவைத் தாண்டுகிற ஒரு முழம் மட்டும்தான், அதற்குப் பிறகு பாரத்திலேயே சரிந்து வரும். ஆனால் காற்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் கொக்கியின் வாயைச் சேற்றுக்குள் முழுதாகப் புதைத்துவிடுவார்கள், காற்று அடைபடும், சத்தம் மாறிக் கீச்சென்று கேட்கும். உடனே கொஞ்சம் தூக்கு. வாயில் பாதி சேற்றிலும் பாதி காற்றிலும் இருந்தால் "களக் களக்" என்று இறங்குகிற சத்தம் ஹோசில் கேட்கும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் கமராவைப் பாராமலே வேலை செய்யலாம்.

அப்புறம் டிரம். பெரிது வாங்கினால் நல்லது என்று நினைக்காதே. 70 லீட்டர் டிரம் சேற்றால் நிறைந்தால் 70 கிலோவுக்கு மேல், தனியாளாக அதைச் சரிக்கக்கூட முடியாது. பாதியில் வெறுமையாக்கு. அடியில் வடிகுழாய் இருக்கிற டிரம்மாகப் பார். ஈர வேலைக்குப் போகுமுன் உலர் வேலைக்கான பில்டரைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்தில் அது களியாகிவிடும். டிரம் நிறைந்தால் இழுவையை நிறுத்துகிற மிதவை உள்ளே இருக்கும், அதைக் கிழமைக்கு ஒருமுறை கழுவு. என் பழைய மெஷினில் அதில் பாசி ஒட்டி மேலே எழும்பாமல் நின்றதால் தண்ணீர் மோட்டாருக்குள் போனது. ஒரு மோட்டார் அதோடு முடிந்தது.


லெஸ்டரில் இருந்து

குரொய்டன் அண்ணா மெஷினைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் போலைப் பற்றிச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் காசை அங்கேதான் போடவேண்டும்.

நான் தொடங்கியது அலுமினியத் துண்டுகளோடு, ஒன்றரை மீட்டர் துண்டு, ஒன்றுக்குள் ஒன்று இறுக்கிச் செருகுவது. மலிவு. இரண்டு மாடிக்கு நான்கு துண்டு போதும், சமாளிக்கலாம். மூன்று மாடி வீடு ஒன்றுக்கு ஆறு துண்டு ஏற்றினேன். நட்டு நிமிர்த்துகிறபோது நுனியின் பாரம் தோளில் இறங்குவதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அன்றிரவு வலது கையைத் தூக்கிச் சட்டை கழற்ற முடியவில்லை. பிறகு மேல் மூன்று துண்டை மட்டும் கார்பன் ஃபைபரில், அதே அளவில் வாங்கினேன். அடியில் பழைய அலுமினியம். பாரம் மேலே குறைந்தாலே பாதிச் சுகம்.

செருகுகிற வகையில் இன்னொரு ஆபத்து. மணல் நுழைந்தால் சில நேரம் இறுகிக் கழறாது, சில நேரம் பிடிக்காது. ஒருநாள் கட்டருக்குள் கொக்கி மாட்டியிருந்தபோது நான் போலை இழுத்தேன், மேல் துண்டு கழன்று அங்கேயே தொங்கியது. கீழே நடைபாதை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளைகளை மறுபக்கத்தால் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன், நண்பர் ஏணியோடு வரும்வரை இருபது நிமிடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டிலும் இறுக்கிப் பூட்டுகிற கிளாம்ப் இருக்கிற வகை தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை.

மிக முக்கியம்: கார்பனும் மின்சாரம் கடத்தும், அலுமினியமும் கடத்தும். கிராமப்பக்கமும் சில பழைய தெருக்களிலும் வீட்டுக்கு வருகிற மின்கம்பி தூணில் இருந்து நேரே கூரை ஓரத்துக்கு வரும். போலை நிமிர்த்துமுன் ஒருமுறை மேலே பார்த்து வீட்டைச் சுற்றி நடங்கள். கம்பி கிட்ட இருந்தால் அந்த வேலையே வேண்டாம்.


ஈஸ்ட் ஹாமில் இருந்து

நானும் என் கணவரும் ஆறு வருடமாகச் செய்கிறோம். அவர் போல் பிடிப்பார், நான் கமரா பார்ப்பதும் கணக்கும் தொலைபேசியும். தம்பி, கமராவை வீண்செலவு என்று நினைத்துவிடாதீர்கள். அது கட்டர் பார்க்க மட்டும் இல்லை, உங்களைக் காப்பாற்றவும்தான்.

ஒரு வீட்டில் கட்டர் துப்புரவாக்கி வந்த அடுத்த நாள் மழை. வீட்டுக்காரர் அழைத்து, "நீங்கள் மூட்டை உடைத்துவிட்டீர்கள், சுவரெல்லாம் தண்ணீர்" என்று சத்தம் போட்டார். பிளாஸ்டிக் கட்டரின் மூட்டுக்குள் ஒரு ரப்பர் வார் இருக்கும், வயது போனால் காய்ந்து நழுவிவிடும். அதுவரை அந்த ஓட்டையைச் சேறுதான் அடைத்துக்கொண்டிருந்தது, நாங்கள் சேற்றை எடுத்ததும் ஒழுகத் தொடங்கியது. வேலைக்கு முன் எடுத்த படத்தில் அந்த ரப்பர் வெளியே நாக்கு மாதிரித் தொங்குவது தெளிவாக இருந்தது. அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்து, கட்டர் திருத்துகிற ஆளைத் தெரியுமா என்று கேட்டார். இப்போதும் எங்கள் வாடிக்கையாளர்.

எங்கள் பக்கம் விக்டோரியா காலத்து வரிசை வீடுகள். கட்டர் பக்கத்து வீட்டோடு தொடர்ந்து போகும், ஒருவர் மட்டும் காசு தந்தால் அடுத்தவர் பக்கத்துச் சேறு ஒரு மாதத்தில் வழிந்து வந்துவிடும். இரண்டு கதவையும் தட்டிக் கதையுங்கள், பாதி நேரம் இரண்டு வேலை கிடைக்கும். தெருவில் பிளேன் மரம் நின்றால் அந்தப் பெரிய இலை தோல் மாதிரி, கெதியாக உக்காது, கொக்கி வாயில் குறுக்கே ஒட்டிக்கொள்ளும். வாயில் பல் வெட்டிய நுனி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், புல் வேரோடு பாய் மாதிரிப் பின்னிக் கிடக்கிற இடத்திலும் அதுதான் கிழித்தெடுக்கும்.

பழைய கராஜ்களில் சாம்பல் நிறத்தில் தடித்த கட்டர் கண்டால் தொடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீமெந்தாக இருக்கலாம். அது முழுதாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான், இன்னும் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. சுரண்டவே கூடாது.

காப்புறுதிப் பத்திரத்தையும் வடிவாக வாசியுங்கள். எங்கள் முதல் பத்திரத்தில் 10 மீட்டருக்கு மேல் வேலை செய்தால் ஒன்றும் தரமாட்டோம் என்று ஒரு வரி இருந்தது. ஒரு வருடம் கழித்துத்தான் கண்டேன். 40 அடி என்பது 12 மீட்டர். அந்தப் போலை விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

மார்ச் தொடக்கம் ஓகஸ்ட் வரை குருவிக் கூடு இருக்கிறதா என்றும் கமராவில் பாருங்கள். குருவி இருக்கிற கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாங்கள் அப்படியே விட்டுவிட்டுச் செப்டெம்பரில் வருகிறோம் என்று சொல்லுவோம், யாரும் கோபித்ததில்லை.


கிளாஸ்கோவில் இருந்து

ஸ்கொட்லாந்தில் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: இங்கே பல இடங்களில் யன்னல் கழுவுவதற்கே கவுன்சில் லைசன்ஸ் எடுக்கவேண்டும், இங்கிலாந்தில் அது இல்லை. நான் தெரியாமல் இரண்டு மாதம் ஓடினேன். இங்கே நான்கு மாடிக் கல்வீடுகள், வார்ப்பிரும்புக் கட்டர். ஆசைப்பட்டு ஒருமுறை ஏற்றிப் பார்த்தேன், போல் காற்றில் வில் மாதிரி வளைந்தது. இப்போது அப்படி வேலை வந்தால் தூக்கி இயந்திரம் வைத்திருக்கிறவருக்குக் கொடுத்துவிடுகிறேன், அவர் எனக்குக் கீழ்மாடி யன்னல் வேலைகளைத் தருகிறார்.

ஏணியை முற்றாக விற்றுவிடவும் வேண்டாம். 2005ஆம் ஆண்டு விதிகள் உயரத்தில் ஏறாமல் செய்ய முடிந்தால் ஏறாதே என்கின்றன, ஏணியைத் தடை செய்யவில்லை. நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே என்ற கணக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் கட்டரில் சாய்க்கவே வேண்டாம், சுவரில் ஊன்றுகிற ஸ்டாண்ட்-ஓஃப் மாட்டுங்கள். இறங்குகுழாய் அடைத்திருந்தால் வக்கியூமால் முழுதாக எடுக்க முடியாது, அதற்குக் கம்பியும் ஹோசும்தான்.


ஹரோவில் இருந்து, மூன்று கிழமைக்குப் பிறகு

அண்ணாமார், அக்கா, எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போகுமுன் என் 60 வீட்டையும் ஒருமுறை சுற்றி வந்து கொப்பியில் குறித்தேன். மூன்று மாடி வெறும் நான்கு. கொன்சவேட்டரி அல்லது பின்பக்கக் கட்டடத்தால் ஏணி வைக்க முடியாதவை 23. அந்த 40 அடி செட்டை விட்டுவிட்டேன். பாவித்த இரண்டு மோட்டார் மெஷின், கிளாம்ப் வைத்த கார்பன் துண்டு ஐந்து, புதிய கமரா, எல்லாம் சேர்த்து அவர்கள் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவு. வாங்குமுன் மெஷினை ஓடவிட்டு மிதவையைக் கழற்றிப் பார்த்தேன்.

முதல் வேலைக்கு அந்த அம்மாவிடமே போனேன். முதலில் அவர் நம்பவில்லை, "ஏணி எங்கே?" என்று கேட்டார். ரீலை முழுதாக அவிழ்த்துப் புல்லில் போட்டேன், மேலே கம்பி இல்லையென்று பார்த்தேன். கொன்சவேட்டரிக்கு அப்பால் நின்று போலைச் சாய்த்துக் கொக்கியைக் கட்டரில் இறக்கியதும், குரொய்டன் அண்ணா சொன்ன அந்தக் களக் களக் சத்தம் ஹோசில் வந்தது. நடுவில் ஒருமுறை திடீரென்று அடைத்தது. இறக்கிப் பார்த்தால் ஒரு டென்னிஸ் பந்து, பச்சை நிறம் போய்க் கறுத்து, வாயில் இறுகி நின்றது. அதைக் கையில் வாங்கி அந்த அம்மா கனநேரம் பார்த்தார். மகன் சின்னவனாக இருந்தபோது பின்வளவில் விளையாடுவானாம், அவனுக்கு இப்போது நாற்பது வயது. கழுவி யன்னல் ஓரத்தில் வைத்தார்.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. 80 பவுண் கேட்டேன். அடுத்த வருடம் இலை எல்லாம் கொட்டி முடிந்தபிறகு, டிசம்பர் முதல் கிழமை வரச் சொல்லிக் கலண்டரில் என் பெயரை எழுதினார்.