‘ஸ்ட்ரைக் அவுட்’: ‘நீக்கு’ பொருந்தாது

வணக்கம்.

எழுத்தின் குறுக்கே கோடு போட்டு அடிக்கும் ‘ஸ்ட்ரைக் அவுட்’ என்ற மென்பொருள் கட்டளைக்குத் தமிழில் ‘நீக்கு’ போதும் என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. நீக்கினால் எழுத்து போய்விடும். இதிலோ எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். செல்லாது என்று மட்டும் தெரியும். ‘டெலீட்’, சட்டமன்றத்தில் ‘அவைக் குறிப்பிலிருந்து நீக்கம்’, இரண்டும் ‘நீக்கு’க்கு உரியவை. ‘ரப் அவுட்’ என்றால் ‘அழி’.

நமக்கு வேண்டிய சொல் பத்திரங்களிலேயே இருக்கிறது: ‘அடித்தல் திருத்தல்’. அங்கே இது விளையாட்டல்ல. இடைச்செருகலோ அழித்தலோ மாற்றமோ இருந்து, எழுதிக்கொடுத்தவர் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இடாவிட்டால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி பதிவு அலுவலர் அந்தப் பத்திரத்தை மறுக்கலாம்.

ஆனால் பொத்தானில் வெறும் ‘அடி’ என்று போடாதீர்கள். ‘டைப் அடி’ என்றே பேசிப் பழகியவர்கள் தட்டச்சு செய்யச் சொல்வதாக நினைப்பார்கள். ‘அடித்துவிடு’ என்றால் குழப்பமில்லை. விண்ணப்பத்தில் ‘பொருந்தாததை அடித்துவிடவும்’ என்றால் எல்லோருக்கும் புரிகிறதே!

பொத்தானின் பெயர் அது; அடித்த பின் தெரியும் வடிவமைப்பின் பெயர் வேறு. எக்செலில் கன்ட்ரோல்+5 அழுத்தினால் வரும் கோட்டுக்கு ‘நடுக்கோடு’ என் தேர்வு. ‘அடிக்கோடு’ ஏற்கெனவே அண்டர்லைனுக்குப் போய்விட்டது. ‘வெட்டுக்கோடு’ என்றால் ‘கட்’டுக்கு வைத்த ‘வெட்டு’டன் மோதும். ‘கோடிட்ட’ என்றாலோ நிரப்ப வேண்டிய இடம்தான் நினைவுக்கு வரும். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்-இன் ‘எஸ்’, ‘டெல்’ டேக்குகள் (குறிச்சொற்கள்) இரண்டும் பொதுவாக நடுக்கோடாகவே தெரியும். முன்னது பழைய விலை போல இனிப் பொருந்தாததற்கு, பின்னது திருத்தத்தில் எடுத்துவிட்டதற்கு. ஆகவே விளக்கக் குறிப்பில் ‘டெல்’லுக்கு மட்டும் ‘நீக்கம்’ எனலாம்.

உதவிப் பக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். நடுக்கோடு வெறும் வடிவமைப்பு. வெற்று உரையாக ஒட்டினால் கோடு போய், அடித்த 500 ரூபாயும் புதிய 350 ரூபாயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வடிவமைப்பு இல்லாத இடத்துக்காக யூனிகோடு 0336 குறியை (முந்தைய எழுத்தின் குறுக்கே கோடு போடும் குறி) ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் செருகும் கருவிகள் தமிழைச் சிதைக்கும். ‘கொ’வில் ககரத்துக்கும் உயிர்க்குறிக்கும் நடுவே அது புகுந்தால் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் தோன்றும். முழு எழுத்து முடிந்த பிறகே குறியைச் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இந்தத் தொல்லை இல்லை. சொல்லின் இருபுறமும் ~ இட்டால் போதும்.